பஞ்சுத் தூசிக்கு நடுவே ஒரு ஃபுல் டவர் கேபினெட்

ஃபுல் டவர் கேபினெட், அதாவது கம்ப்யூட்டர் பாகங்களை மாட்டும் பெட்டிகளில் பெரிய வகை, பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. கேம் ஆடுபவருக்கும், ஆஃபீஸ் வேலை பார்ப்பவருக்கும், ஏன், வீடியோ எடிட் செய்கிற பலருக்கும் அதைவிடச் சின்னதான நல்ல மிட் டவர் ஒன்றே தாராளம். எந்தக் கேபினெட் வாங்கலாம் என்று என் பெரியப்பா மகன் கேட்டபோதும் முதலில் அதைத்தான் சொன்னேன். அப்புறம் அவருடைய ஹார்ட் டிஸ்க்குகளை எண்ணிப் பார்த்தேன்.

அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். சேலம் அம்மாப்பேட்டையில் வீடு. கீழே விசைத்தறிகள், மேல் மாடியில் ஸ்டுடியோ. 4கே கேமரா ஒன்று நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டு கேமரா, ஒரு ட்ரோன் என்று சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு 400 ஜிபி சர்வசாதாரணமாகப் போகும். இதில் எதையும் அழிக்க முடியாது. ஆல்பம் வாங்கிப் போனவர்கள் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு வந்து "அந்த ஒரிஜினல் ஃபைல் இருக்குங்களா?" என்பார்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த கல்யாணம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆக, 3.5 இன்ச் டிஸ்க் எட்டு. தை மாத முகூர்த்தங்கள் வந்தால் பத்தாகும்.

முன்பு இருந்தது ஒரு மிட் டவர். முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, காற்று உள்ளே வர ஓரத்தில் ஒரு விரல்கடை சந்து. இரண்டு டிஸ்க் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மற்றதெல்லாம் யுஎஸ்பி டாக்கில் மேஜை மேலே வரிசையாக நின்றது. மே மாதம் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது உள்ளே இருந்த இரண்டும் 56, 57 காட்டின. பல டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்பே 60தான்.

டிஸ்க்குகளைத் தனியாக ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக ஃபைல் தரும் டிஸ்க் பெட்டி) போட்டுவிட்டு எடிட்டிங்குக்கு மிட் டவரே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சாதாரண ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பியைத் தாண்டாது. அதே டிஸ்க்கை நேராக மதர்போர்டில் செருகினால் 200க்கு மேல் கிடைக்கும். அந்தத் தடையை நீக்க 10 கிகாபிட் கார்டு இரண்டு, ஸ்விட்ச் ஒன்று என்று போனால் செலவு கேபினெட்டைத் தாண்டிவிடும். அண்ணனும் "எனக்கு ஒரே பெட்டியா வேணும்டா, நாலு ஒயரு, நாலு அடாப்டர்னு எங்க வீட்டுல வேண்டாம்" என்று தீர்த்துவிட்டார். சரி. ஆனால் எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பது ஆபத்து என்பதால், முக்கியமான வேலைகளின் நகல் இரண்டு டிஸ்க்கில் அஸ்தம்பட்டியில் பெரியப்பா வீட்டு அலமாரியில் இருக்கட்டும் என்று நிபந்தனை போட்டேன்.

ஃபுல் டவர் என்பதற்கு அதிகாரபூர்வமான அளவு கிடையாது. மதர்போர்டுக்குத்தான் உண்டு. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவு 305 × 244 மி.மீ.; இ-ஏடிஎக்ஸ் என்றால் 305 × 330. கடையில் இ-ஏடிஎக்ஸ் என்று விற்கும் பல போர்டுகள் அவ்வளவு அகலம் இருக்காது, 270-280 மி.மீ.யில் நின்றுவிடும். அதனால் அந்தப் பெயரை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டும். கேபினெட் விஷயத்தில் 55 செ.மீ. உயரத்தைத் தொட்டால், பின்னால் கார்டு செருகும் ஸ்லாட் ஏழுக்குப் பதில் எட்டு ஒன்பது இருந்தால், ஃபுல் டவர் என்று விற்கிறார்கள். அண்ணனின் போர்டு சாதாரண ஏடிஎக்ஸ்தான். அவருக்கு ஃபுல் டவர் டிஸ்க்குக்காக மட்டுமே வேண்டியிருந்தது.

இங்கேதான் ஸ்பெசிஃபிகேஷன் தாளைப் படிக்கும் விதம் வருகிறது. அதில் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் உண்மை அல்ல. உதாரணத்துக்கு ஃப்ராக்டல் டிசைனின் டிஃபைன் 7 எக்ஸ்எல். அளவு 604 × 240 × 566 மி.மீ. 18 டிஸ்க் வரை போடலாம் என்பார்கள். முன்பக்கம் வாட்டர் கூலரின் 480 மி.மீ. ரேடியேட்டர் போடலாம் என்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டு அரை மீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும் போகும் என்பார்கள். மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியாது. டிஸ்க் அடுக்கும் அமைப்புக்கு உள்தட்டை மாற்றினால் கார்டுக்குக் கிடைக்கும் நீளம் 36 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், முன்பக்க ரேடியேட்டரையும் மறந்துவிட வேண்டியதுதான். இந்த ஒரு மாடல் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம், எல்லாமே இப்படித்தான். யூடியூபில் பார்க்கும் அழகான கட்டுமானங்களில் டிஸ்க் ஒன்று கூட இருக்காது. அதனால் இந்தச் சண்டை கண்ணில் படுவதே இல்லை.

அதனால் பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, பார்த்த ஒவ்வொரு கேபினெட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் முழு அளவில் வரைந்தேன். அட்டையில் போர்டு, கார்டு, பவர் சப்ளை, கூலர் எல்லாவற்றையும் அதே அளவில் வெட்டி மேலே நகர்த்திப் பார்த்தேன். டிஸ்க்கின் அளவு 147 × 102 × 26 மி.மீ. குறுக்காகப் படுக்க வைக்கும் கேபினெட்டில் பக்கத்திலிருந்து பார்க்க 102 × 26 மட்டுமே இடம் பிடிக்கும். நீளவாக்கில் வைப்பதில் 147. இந்த நாலரை செ.மீ. வித்தியாசம்தான் கார்டு போகுமா போகாதா என்பதை முடிவு செய்கிறது. அண்ணனின் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு மூன்று விசிறி வைத்தது, 33 செ.மீ. நீளம். அதன் பவர் கனெக்டரில் ஒயரை உடனே மடக்கக் கூடாது, மூன்றரை செ.மீ.யாவது நேராகப் போய் வளைய வேண்டும் என்பதால் கேபினெட்டின் அகலத்தையும் சேர்த்து அளந்தேன்.

கோர்சேர் 7000டி ஏர்ஃப்ளோ என் பட்டியலில் முதலில் இருந்தது. 600 × 248 × 550 மி.மீ., வேலை செய்யத் தாராளமான இடம், காற்றோட்டம் பிரமாதம். டிஸ்க் ஆறோடு நின்றுவிடுகிறது. ஃபான்டெக்ஸ் என்தூ ப்ரோ 2 சர்வர் போர்டு கூட ஏற்கும், விலைக்கு நிறையவே கொடுக்கிறது. ஆனால் முகப்பு முழுக்க நெருக்கமாக நெய்த வலை. தறி இல்லாத தெருவாக இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். கூலர் மாஸ்டர் ஹாஃப் 700 அகலம் மட்டுமே 29 செ.மீ., உயரம் 63 செ.மீ.யை நெருங்குகிறது, 200 மி.மீ. விசிறி இரண்டு முன்னால். படத்தைப் பார்த்ததும் அண்ணி "பீரோ எதுக்குத் தம்பி, ஏற்கெனவே ரெண்டு இருக்கே" என்றார். மீன் தொட்டி போலக் கண்ணாடி வைத்த கேபினெட் வகையறாவை நான் எடுக்கவே இல்லை. அவற்றில் பல, காற்றைத் தரைப்பக்கத்திலிருந்து இழுக்கும். நம் வீடுகளில் தரையில்தான் தூசியும், மாப் போட்ட ஈரமும்.

அம்மாப்பேட்டையின் தூசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தறி ஓடும் இடத்தில் காற்றில் மிதப்பது மண் தூசி இல்லை, நூலிலிருந்து உதிரும் பஞ்சு இழை. மண் தூசி வலையைத் தாண்டி உள்ளே போய் எல்லா இடத்திலும் மெல்லப் படியும். பஞ்சு அப்படி இல்லை. ஓர் இழை வலையில் மாட்டினால் அடுத்த இழை அதில் சிக்கும். சில நாளில் வலைக்கு மேல் இன்னொரு துணி நெய்தது போல மூடிவிடும். காற்று நின்றுபோகும். இதற்கு மேலும் நெருக்கமான வலை போட்டுப் பயனில்லை, சீக்கிரம் அடைபடும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல், மெஷினை நகர்த்தாமல், முன்னால் நின்றபடியே கழற்றக்கூடிய வலை. அண்ணனுக்கு நேரமில்லாவிட்டாலும் அண்ணி கழற்றி உதற முடிய வேண்டும். பின்பக்கமாக இழுக்கும் அடிவலை கொண்ட எந்தக் கேபினெட்டும் சுவர் ஓரம் வைத்த அன்றே சுத்தம் செய்யப்படாத கேபினெட் ஆகிவிடும்.

இந்த ஒரு விஷயத்தில்தான் டிஃபைன் 7 எக்ஸ்எல் மற்றவற்றை முந்தியது. கதவைத் திறந்தால் முன்வலை கையில் வரும். முழு நீள அடிவலையும் முன்பக்கமாகவே வெளியே வரும். கதவை இடமோ வலமோ எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளலாம், சுவரை ஒட்டி வைக்கும் நமக்கு அது தோது. மேல்மூடிக்கு இரண்டு தகடு தருகிறார்கள்: துளை உள்ளது, துளை இல்லாதது. கதவு இருப்பதால் திறந்த வலை முகப்பு அளவுக்குக் காற்று வராது என்பது உண்மை. காற்றோட்டப் பரிசோதனைகளில் இது முதலிடம் வாங்கும் பெட்டி அல்ல. ஆனால் பரிசோதனை செய்பவர்கள் தறிக்கு மேல் மாடியில் செய்வதில்லை.

சேலத்துக் கடைகளில் இந்த அளவு கேபினெட் ஸ்டாக்கில் நிற்காது. சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பெங்களூரு எஸ்பி ரோட்டிலோ நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவது நல்லதுதான், ஆனால் பெட்டியைக் கொண்டுவருவது யார்? கூரியர் கணக்கு இன்னொரு வேடிக்கை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்வார்கள். 70 × 65 × 35 செ.மீ. பெட்டி என்றால் கிட்டத்தட்ட 32 கிலோ. உள்ளே இருப்பது அதில் பாதியைத்தான் சற்றுத் தாண்டும். லாரி பார்சலில் போட்டால் இந்தக் கணக்கு தளரும். சேலத்தில் அதற்குக் குறைச்சலா என்ன. கடைக்காரரிடம் அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

கண்ணாடிப் பக்கம் வேண்டாம், இரண்டு பக்கமும் இரும்புத் தகடே போதும் என்று எடுத்தேன். டெம்பர்டு கண்ணாடியின் நடுவில் தட்டினால் தாங்கும்; ஓரம் மட்டும் டைல்ஸ் தரையில் லேசாக இடித்தால் போதும், மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். பீங்கான் டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. கண்ணாடிக் கேபினெட் வைத்திருப்பவர்கள் கழற்றியதும் நேராகப் பாய் மேலேயோ மெத்தை மேலேயோ படுக்க வைப்பது நல்லது.

பெட்டி வந்ததும் ஒரு பொருளையும் உள்ளே வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் சட்டம் நேராக இருக்கிறது. லாரியில் மூலை இடிபட்டு முறுக்கிக்கொண்டிருந்தால் மூன்று நான்கு மி.மீ. வித்தியாசம் காட்டிக்கொடுக்கும், அப்படியே கட்டினால் மதர்போர்டு ஸ்க்ரூவும் கார்டின் வாயும் உட்காராமல் உயிரை வாங்கும். இது சரியாகவே இருந்தது. தகட்டைத் தட்டிப் பார்த்த பெரியப்பா, "நம்ம இரும்பாலைத் தகடா?" என்றார். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சேலம் இரும்பாலை செய்வது ஸ்டெயின்லெஸ். கேபினெட்டுக்குப் பயன்படுவது குளிர்நிலையில் உருட்டி, துத்தநாகப் பூச்சு ஏற்றிய சாதாரண இரும்புத் தகடு.

டிஃபைனில் டிஸ்க் ட்ரே ஆறு வருகிறது. விசிறி இடத்தில் மாட்டி டிஸ்க் வைக்கும் பிராக்கெட் இரண்டு. ஆக எட்டுக்குச் சரி. பத்துக்கு இன்னும் இரண்டு ட்ரே வேண்டும். கம்பெனி உதிரியாக விற்பது நம் கைக்கு வந்து சேரும் வேகத்தையும் விலையையும் விசாரித்துவிட்டு, ஒரு ட்ரேயைச் சாம்பிளாக எடுத்துக்கொண்டு பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் பீரோ செய்யும் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் ட்ரேயை இரண்டு விரலில் வளைத்துப் பார்த்துவிட்டு, "இருபது கேஜ் போட்டுடலாமா தம்பி?" என்றார். 20 கேஜ் என்றால் 0.9 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். வெர்னியரில் சாம்பிளை அளந்தால் 20 கேஜை ஒட்டியே வந்தது. தடித்த தகடு எடுத்தால் உறுதி என்று ஆசைப்பட வேண்டாம், கேபினெட்டின் காடியில் நுழையாது.

துளைகளைக் குறிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 3.5 இன்ச் டிஸ்க்கின் அடிப்பக்கத் துளைகள் பழைய டிஸ்க்கில் 44.45 மி.மீ. இடைவெளியில் இருக்கும். கொள்ளளவு அதிகமான புது டிஸ்க்குகளில் உள்ளே கூடுதல் தட்டுகள் இடத்தை அடைப்பதால் இரண்டு துளைகளைத் தள்ளி 76.2 மி.மீ.க்குக் கொண்டுபோய்விட்டார்கள். குறுக்கே இரண்டிலும் அதே 95.25. பழைய கேபினெட்டில் புது 12 டிபி டிஸ்க்கை வைத்து "ரெண்டு ஸ்க்ரூதான் விழுது" என்று புலம்புபவர்களின் பிரச்சினை இதுதான். அண்ணனிடம் இரண்டு வகையும் இருப்பதால் இரண்டுக்கும் துளை போடச் சொன்னேன். துளையில் உட்காரும் ரப்பர் வளையத்துக்கு ஏற்ற அகலம் விட்டு, பவுடர் கோட்டிங் ஏறினால் துளை சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் எடுத்தோம். "டிஸ்க்குக்கு எதுக்கு ரப்பர்?" என்றார் பட்டறைக்காரர். சுற்றும் டிஸ்க் ஒவ்வொன்றும் சட்டத்தை அதிர வைக்கும், பத்தும் சேர்ந்தால் கேபினெட்டே முனகும். கீழே தறி ஓடும் வீடு வேறு.

ஸ்க்ரூவை ஹார்டுவேர் கடையில் தேட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்கும் பவர் சப்ளைக்கும் போடுவது இன்ச் கணக்கு ஸ்க்ரூ, 6-32 என்பார்கள். இன்ச்சுக்கு 32 மரை. எஸ்எஸ்டிக்குப் போடுவது 3 மி.மீ. மெட்ரிக். பார்க்க ஒன்று போலத் தெரியும். பெரியதைச் சின்னத் துளையில் திருகினால் மரை போயிற்று. கேபினெட்டோடு வந்த பையிலேயே உதிரி மிச்சம் இருந்தது.

கட்டும் வேலையில் பெரும்பகுதி சாதாரணம்தான், அதை விவரிக்கப் போவதில்லை. பெரிய கேபினெட்டுக்கே உரிய சிக்கல்கள் மட்டும் சொல்கிறேன். முதலாவது ஒயர் நீளம். பவர் சப்ளை அடியில், சிபியு பவர் சாக்கெட் போர்டின் உச்சி மூலையில். பின்பக்கமாகச் சுற்றிப் போக 65 செ.மீ. ஒயர் இழுத்துக்கட்டித்தான் சேரும். பவர் சப்ளை வாங்கும்போது வாட்டைப் பார்ப்பவர்கள் இந்த நீளத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிஸ்க்குகளுக்கான பவர். சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டும் ஒன்றாகக் கிளம்பினால் 16 ஆம்பியர், அதாவது 190 வாட்டுக்கு மேல், அதுவும் டிஸ்க்குக்குப் பவர் தரும் மெல்லிய சாட்டா ஒயர்களில். அதனால் பவர் சப்ளையோடு வந்த மூன்று தனி சாட்டா ஒயர்களில் பிரித்துக் கொடுத்தேன். பழைய மோலெக்ஸ் பிளக்கைச் சாட்டாவாக மாற்றும், வார்ப்பில் செய்த அடாப்டர்களைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே ஒயர்கள் நெருக்கமாக உருகி ஒட்டித் தீப்பிடித்த கதைகள் நிறைய.

மூன்றாவது, போர்டில் சாட்டா வாய் நான்குதான். இப்போது வரும் பல போர்டுகள் அப்படித்தான். மிச்சத்துக்கு எல்எஸ்ஐ 9207-8ஐ என்ற எச்பிஏ கார்டு (டிஸ்க் மாட்டும் வாய்களைக் கூட்டித் தரும் கார்டு). ஒன்றில் எட்டு டிஸ்க் மாட்டலாம். இவை சர்வரின் சூறைக்காற்றுக்காகச் செய்தவை. டெஸ்க்டாப்பில் போட்டால் அதன் ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு மூன்று ஸ்லாட் உயரத்தை மூடிக்கொள்வதால் இதைக் கடைசி ஸ்லாட்டில்தான் வைக்க முடியும். ஃபுல் டவரின் உயரம் இங்கே கைகொடுத்தது: அடியில் ஒரு 140 மி.மீ. விசிறியை நேராக அதன் மேல் வீசும்படி வைக்க இடம் இருந்தது. அது நான்கு லேன் (தரவு போகும் பாதை) ஸ்லாட்தான், ஆனால் இணைப்பு முறை மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்பதால் நொடிக்கு 4 ஜிபியை ஒட்டிப் போகும். எட்டு டிஸ்க்கும் முழு வேகத்தில் ஓடினாலும் 2 ஜிபிதான்.

சிபியுவுக்கு வாட்டர் கூலர் வேண்டாம் என்று முடிவு செய்து நாக்டுவா என்எச்-டி15 காற்றுக் கூலர் போட்டோம். 165 மி.மீ. உயரம், இந்தக் கேபினெட்டில் 185 வரை இடம் உண்டு. மேல்மூடியைத் துளையில்லாத தகடாகவே விட்டேன். மேலே துளை இருந்தால் மெஷின் அணைந்திருக்கும் இரவில் பஞ்சு நேராக உள்ளே இறங்கும்.

விசிறிகளில் முன்னால் மூன்று 140 மி.மீ. உள்ளே ஊதும், அடியில் ஒன்று உள்ளே ஊதும், பின்னால் ஒன்று மட்டும் வெளியே தள்ளும். உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு என்பதால் பெட்டிக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும். ஸ்லாட் இடுக்கு, தகட்டு இடுக்கு எல்லாவற்றிலும் காற்று வெளியேதான் போகும், வலை இல்லாத வழியில் தூசி நுழையாது. இதைச் சரிபார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பின்பக்க ஸ்லாட் இடுக்கு அருகே பிடித்தால் போதும். புகை உங்கள் பக்கம் விலகினால் நல்லது, உள்ளே இழுத்துக்கொண்டால் பின்விசிறியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்வலை அடைபட அடைபட இந்தச் சமநிலை மாறும் என்பதால், வலை கழுவ நேரமாயிற்றா என்று பார்க்கவும் இதே ஊதுபத்திதான்.

பழைய வீடு என்பதால் எர்த்திங்கைப் பார்க்காமல் பெட்டியை இயக்கவில்லை. எர்த் இல்லாத பிளக்கில் செருகினால் பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக இரும்பு உடம்பில் பாதி மெயின் வோல்டேஜ் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனால் கால் தரையில் இருக்கத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மேல்மாடி பிளக்கில் எர்த் ஒயரே போகவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்துக் கீழிருந்து தனி ஒயர் இழுத்த பிறகுதான் ஸ்விட்ச் போட்டோம்.

எடையைக் கணக்கிட்டால், கேபினெட் 16 கிலோவுக்கு மேல், எட்டு டிஸ்க் ஐந்தரை கிலோ, கூலர் 1.3, கார்டு, பவர் சப்ளை, போர்டு எல்லாம் சேர்ந்து ஐந்துக்கு மேல். மொத்தம் 28 கிலோவைத் தாண்டும். டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மாடிப்படி ஏற்றினோம். கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கு என்று விட்டிருக்கும் அறையில் இது நுழையாது. அதே பட்டறையில் சதுரப் பைப்பில் ஓர் அடி உயர ஸ்டாண்ட் செய்து வாங்கினோம். சக்கரம் வைக்கவில்லை. தறியின் காலுக்கு அடியில் போடும் தடித்த ரப்பரை நான்கு துண்டாக வெட்டி ஸ்டாண்டின் கால்களுக்குக் கொடுத்தோம். கீழே எல்லாத் தறியும் ஓடும்போது மேஜை மேல் டம்ளர் தண்ணீர் நடுங்கும். பெட்டியில் கை வைத்தால் டிஸ்க்குகளின் மெல்லிய அதிர்வு மட்டுமே தெரிகிறது.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் இதே போல் வேண்டும் என்றார். சிசிடிவி பதிவுக்கும் கணக்கு வழக்குக்கும் இது வேண்டாம் என்று தடுத்தேன். அங்கே பிரச்சினை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறையும், விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குளிர்விப்பது குறையும். ஆனால் அறையே பத்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் அது ஒரு பொருட்டே இல்லை. மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வரும் மாதங்களில் ஈரம்தான் எதிரி. துத்தநாகப் பூச்சு போட்ட தகடானாலும் பஞ்ச் செய்த ஓரங்களில் பூச்சு இருக்காது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அங்கே மெஷினை அணைக்காமல் ஓட விடுவதே நல்ல வைத்தியம். சின்னப் பெட்டி, இரண்டு டிஸ்க், போதும்.

இங்கே அம்மாப்பேட்டையில், அறை 36 டிகிரி இருந்த ஒரு மதியம் நான்கு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுப் பார்த்தோம். டிஸ்க்குகள் 42-லிருந்து 45 வரை. மேல் ட்ரேயில் இருப்பது மட்டும் கார்டின் சூட்டில் 47. அதில் அடிக்கடி தொடாத பழைய ஆல்பங்களின் டிஸ்க்கை மாற்றி வைத்தாயிற்று. முன்வலையை வாரம் ஒருமுறை அண்ணி கழற்றி உதறுகிறார், மாதம் ஒருமுறை கழுவல். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிந்து வலைக்கண் வெள்ளையாக அடைகிறது. மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுகிறார். காயும் நேரத்தில் மெஷின் வலை இல்லாமல் ஓடக் கூடாது என்பதற்காக இன்னொரு முன்வலை வேண்டும். சட்டத்தைப் பட்டறையிலேயே செய்துவிடலாம். கொசு வலைக் கடையில் கிடைக்கும் நைலான் வலைகளில் எந்தக் கண் அளவு தோதுப்படும் என்று சாம்பிள் வாங்கி ஊதுபத்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.